விளையாட்டையும் சமூக மாற்றத்தையும் ஆய்வுப்பொருளாகக் கொள்ள விரும்புவோருக்கு

விளையாட்டின் மீதுள்ள பற்று ஒன்றே முனைவர் பட்டம் வரை கொண்டுசேர்க்கும் என்று நம்பித்தான் இத்துறைக்குள் வந்தேன். 2005ஆம் ஆண்டை விளையாட்டுக்கும் உடற்கல்விக்குமான பன்னாட்டு ஆண்டாக ஐ.நா. கடைப்பிடித்தது, 2013இல் அதன் பொதுச்சபை ஏப்ரல் 6ஆம் நாளை வளர்ச்சிக்கும் அமைதிக்குமான விளையாட்டு நாளாக அறிவித்தது போன்ற செய்திகளால் என் முதல் ஆய்வு முன்மொழிவை நிரப்பியிருந்தேன். அதைப் படித்த நெறியாளர், ஒரு சிறுமி பந்து விளையாடுவதற்கும் அவள் பள்ளியில் தொடர்ந்து படிப்பதற்கும் இடையே என்ன நிகழ்கிறது என்று மட்டும் கேட்டார். என்னிடம் விடை இல்லை.

அந்த இடைவெளியை விளக்குவதே இத்துறை ஆய்வாளரின் பணி என்பது அதன்பின் விளங்கியது. கென்யத் தலைநகர் நைரோபியின் மதாரே குடிசைப் பகுதியில் 1987இல் தொடங்கிய இளைஞர் விளையாட்டுச் சங்கம், குப்பை அகற்றும் பணியில் ஈடுபடும் அணிகளுக்கு லீக் பட்டியலில் புள்ளிகள் வழங்கியது. ஆட்டத்தின் மீதுள்ள ஆர்வம் பொதுப்பணியாக மாறும் வழி அங்கே விதியிலேயே அமைந்திருந்ததால், அதை ஆராயவும் முடிகிறது. விளையாடினாலே ஒழுக்கம் வளரும் என்று பொதுப்படையாகச் சொல்லும் திட்டத்தில் ஆய்வாளருக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. அதே களம் வன்முறையையும் ஒதுக்கலையும் கற்பிக்கக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

முன்மொழிவை எழுதுமுன் ஏதேனும் ஒரு திட்டத்தில் ஒரு பருவம் முழுவதும் தன்னார்வலராகப் பணியாற்றுங்கள். நான் அப்படிச் செய்தபோது, வருகைப் பதிவேட்டில் பாதியிலேயே நின்றுபோன பெயர்கள்தான் என்னை அதிகம் சிந்திக்க வைத்தன. கடைசிவரை நிலைத்தவர்களை மட்டும் பேட்டி கண்டால் எந்தத் திட்டமும் வெற்றியாகவே தோன்றும். அவர்களில் பலர் சேரும்போதே தன்னம்பிக்கை மிகுந்தவர்களாக இருந்திருக்கலாம். விலகியவர்களைத் தேடிச் சென்று பேசுவது கடினம்தான், எனினும் என் ஆய்வேட்டின் வலுவான இயல் அதிலிருந்தே பிறந்தது. சிறார்களிடம் பேசுவதற்கு முன்னர் பெற்றோரின் ஒப்புதலோடு அச்சிறார்களுடைய விருப்பத்தையும் தனியே கேட்டறிய வேண்டும். ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதிக்குப் பல மாதங்கள் ஆகலாம் என்பதையும் கால அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கெனத் தனித்துறை வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் குறைவு. எனவே சமூகவியல், கல்வியியல், பொதுச் சுகாதாரம் ஆகியவற்றுள் ஒன்றில் ஆழமாக வேரூன்றிக்கொண்டு, புள்ளியியலையும் நேர்காணல் பகுப்பாய்வையும் சேர்த்தே கற்றுக்கொள்வது, பின்னர் ஆசிரியப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது பெரிதும் உதவும்.