பழைய சோறும் 12 பாட்டில்களும்

காலை ஏழரைக்குத் தரமணியில் எங்கள் ஆய்வக வாசலில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்காக நிற்பேன். உள்ளே என்ன என்று வாட்ச்மேன் அண்ணன் ஒருநாள் கேட்டார். "மலம்ணே" என்றேன். அதற்கப்புறம் அவர் அந்த டப்பாவைத் தொட்டதில்லை. மலத்தில் இருக்கும் குடல் பாக்டீரியாக்களைப் பாட்டிலில் வளர்த்து, பெருங்குடலில் சாப்பாட்டுக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை.

கொடுப்பவர் மூன்று மாதமாவது ஆன்டிபயாட்டிக் சாப்பிடாதவராக இருக்க வேண்டும். பெருங்குடல் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவைக்குக் காற்று ஆகாது, அதனால் டப்பா வந்ததும் ஓட்டம்தான். காற்றில்லாப் பெட்டிக்குள் வைத்துக் கரைத்து, வடிகட்டி, பாட்டிலில் ஊற்றி 37 டிகிரியில் வைப்போம். பாக்டீரியா வளரும் திரவமான மீடியத்தில் ரெசசூரின் சாயம் இருக்கும். ஆக்சிஜன் நுழைந்தால் ரோஸ் நிறமாகிக் காட்டிக்கொடுக்கும். ஒரு மே மாதம், சனி ஞாயிறில் பெட்டிக்குள் காற்று வராமல் காக்கும் வாயு சிலிண்டர் தீர்ந்துபோனது. திங்கட்கிழமை வந்து பார்த்தால், மூடி தளர்த்தி வைத்திருந்த 12 பாட்டிலும் ரோஸ்மில்க்!

என் கேள்வி பழைய சோறு குடல் பாக்டீரியாக்களுக்கு எவ்வளவு தீனி போடுகிறது என்பது. வெந்த சோறு ஆறும்போது மாவுச்சத்தில் கொஞ்சம் எளிதில் செரிக்காத வடிவத்துக்கு மாறும். அது பெருங்குடலுக்குப் போய் பாக்டீரியாக்களுக்குத் தீனியாகும். முதல் தடவை சோற்றை அரைத்து அப்படியே பாட்டிலில் போட்டேன். மறுநாள் ஏகப்பட்ட வாயு. பாக்டீரியாக்கள் மாவுச்சத்தைத் தின்று உண்டாக்கும் பியூட்டிரேட் அமிலமும் எக்கச்சக்கம். குதூகலமாக வரைபடத்தை நீட்டினேன். என் ஆய்வு வழிகாட்டி மேடம் ஒரு நிமிடம் பார்த்தார். "சோறு வாயிலேர்ந்து நேரா பெருங்குடலுக்கா போகுது?"

போகாது. பெரும்பகுதியைச் சிறுகுடலே எடுத்துக்கொள்ளும். மிச்சம் மீதிதான் கீழே போகும். அப்புறம் செரிமானத்தைக் கண்ணாடிக் குடுவையில் படிப்படியாக நடத்திக்காட்டும், 2014இல் வெளிவந்த இன்ஃபோஜெஸ்ட் முறைக்கு மாறினேன்: வாய்க்கு 2 நிமிடம், இரைப்பைக்கு பிஎச் (அமிலத்தன்மை அளவு; குறைந்தால் அமிலம் அதிகம்) 3இல் 2 மணி நேரம், சிறுகுடலுக்கு பிஎச் 7இல் 2 மணி நேரம். பிறகு சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையில் ராத்திரி முழுக்க ஊறவிட்டுச் சர்க்கரையை வெளியேற்ற வேண்டும். காலையில் பையின் அடியில் கஞ்சித் தெளிவின் வண்டல் மாதிரி செரிக்காத மிச்சம் கொஞ்சம் கிடந்தது. சுடுசோற்றைவிடப் பழைய சோற்றில் அது சற்றே கூடுதல், அவ்வளவுதான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

பாட்டிலுக்கு இன்னொரு குறையும் உண்டு. உருவாகும் அமிலத்தைக் குடல் சுவர் உறிஞ்சிக்கொள்ளும், கண்ணாடி உறிஞ்சாது. அமிலம் தேங்கத் தேங்க பிஎச் இறங்கும். அதனால் ஒரு நாளுக்கு மேல் நான் அதை நம்புவதில்லை. பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் 1993இல் வந்த, குடலைப் போலவே இயங்கும் ஷைம் கருவி, இரைப்பை முதல் பெருங்குடல் வரை தனித்தனிக் கலன்களைத் தொடராக இணைத்து, பிஎச்சைக் கட்டுப்படுத்தி வாரக்கணக்கில் ஓடும். எங்கள் பட்ஜெட்டில் பாட்டில்தான்.

இப்போது வேறு தகராறு. அதே சோற்றுக்கு ஒருவருடைய பாட்டில் பொங்குகிறது, இன்னொருவருடையது சும்மா கிடக்கிறது. எல்லாருடையதையும் கலந்துவிடலாம் என்கிறார் கூட வேலை செய்பவர். நான் தனித்தனிக் கட்சி. கழுவ வேண்டிய பாட்டில்தான் மூன்று மடங்கு.