தங்க நிற அஞ்சல் பெட்டி

ஆகஸ்ட் 12, 2024, திங்கள்

லண்டன் ராக் குழு பிளாக் மிடி கலைந்துவிட்டது. பாடகர் ஜார்டி கிரீப் இன்ஸ்டாகிராம் நேரலையில் போகிற போக்கில் சொல்லிவிட்டாராம். காலையில் பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போய்விட்டது.

நான் இவர்களைக் கேட்க ஆரம்பித்தே இரண்டு வருடம்தான் ஆகிறது. முதல் ஆல்பம் 2019இலேயே வந்துவிட்டது. அதில் மார்கன் சிம்ப்சனின் டிரம்ஸை மட்டும் தனியாகக் காதால் பிரித்துக் கேட்கப் பல இரவுகள் மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிறேன். திருச்சியில் இருந்துகொண்டு லண்டன் குழுக்களைத் தேடினால் இப்படித்தான். பந்தி முடிந்து இலை எடுக்கிற நேரத்தில் போய் நிற்கிறோம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

புதுக் குழு தேட எனக்கு ஒரு வழி உண்டு. பாட்டு பிடித்துவிட்டால், பாடியவர் பெயரோடு நிற்காமல் அதைப் பதிவு செய்து கொடுத்தவர் யார் என்று பார்ப்பேன். பிளாக் மிடியின் முதல் பாட்டு 2018இல் ஸ்பீடி வண்டர்கிரவுண்ட் என்ற சின்ன நிறுவனத்தில் வந்தது. அதை நடத்துபவர் தயாரிப்பாளர் டான் கேரி. தெற்கு லண்டனில் ஸ்ட்ரெதம் பகுதியில் வீட்டிலேயே ஸ்டுடியோ. ஒரே நாளில் பதிவு முடிய வேண்டும், மதியச் சாப்பாட்டு இடைவேளை கிடையாது, மறுநாள் மிக்ஸிங். அப்புறம் ஏழு அங்குல இசைத்தட்டு 250 மட்டும்.

அந்த நிறுவனம் வெளியிட்ட பாட்டுகளின் பட்டியலைப் பிடித்துக்கொண்டு போனால் ஸ்க்விட், பிளாக் கன்ட்ரி நியூ ரோடு என்று குழுக்கள் வரிசையாகக் கிடைத்தார்கள். எல்லோரும் லண்டன் பிரிக்ஸ்டனில் வின்ட்மில் என்ற பப்பில் வாசித்து வளர்ந்தவர்கள். 150 பேர் நின்றால் நிரம்பிவிடும் இடம்.

ஆகஸ்ட் 24, சனி

பிளாக் கன்ட்ரி நியூ ரோடு கதையைப் படித்ததில் இருந்து மனசு ஒரு மாதிரி இருக்கிறது. இரண்டாவது ஆல்பம் வெளிவர நான்கு நாள் இருக்கும்போது, 2022 ஜனவரி 31 அன்று, பாடகர் ஐசக் வுட் விலகிவிட்டார். மன வேதனையில் கிடார் வாசிப்பதும் பாடுவதும் கஷ்டமாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். மீதி ஆறு பேரும் அவர் பாடிய பாட்டுகளை மேடையில் தொடவே இல்லை. எல்லாவற்றையும் புதிதாக எழுதி, அதே ஆண்டு டிசம்பரில் லண்டன் புஷ் ஹாலில் வாசித்துப் பதிவு செய்தார்கள். அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டேன். சாப்பிடத் தோன்றவில்லை.

செப்டம்பர் 1, ஞாயிறு

வட இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இருந்து ஒரு குழு, பெயர் இங்கிலிஷ் டீச்சர். பாடகி லில்லி ஃபொன்டைன். அவர் வளர்ந்த கோன் என்ற சிற்றூரைப் பற்றி ஒரு பாட்டு. உலகத்திலேயே பெரிய நடைபாதைக் கல் தன் ஊரில்தான் இருக்கிறது என்ற ஊர்ப் பெருமையைப் பிடித்துக்கொண்டு போகிறது. நடுவில் தங்க அஞ்சல் பெட்டி என்று ஒரு சொல். என்ன இது? கவித்துவமாக எதையோ சொல்கிறார் என்று நினைத்தேன்.

தேடிப் பார்த்தால் நிஜமாகவே இருக்கிறது! 2012 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற ஒவ்வொரு பிரிட்டிஷ் வீரருக்காகவும் அவரவர் ஊரில் ஒரு சிவப்பு அஞ்சல் பெட்டிக்குத் தங்க வண்ணம் அடித்தார்கள். கோன் ஊருக்கு சைக்கிள் வீரர் ஸ்டீவன் பர்க். தெருக்காட்சிப் படத்தில் போய்ப் பார்த்தேன். சாம்பல் நிறக் கல் கட்டிடங்கள், ஈரமான சாலை, ஓரத்தில் பளபளவென்று அந்தப் பெட்டி. பாட்டில் வரும் பெண்டில் சூனியக்காரிகளும் அந்தப் பக்கத்து வரலாறுதான். 1612இல் விசாரித்துத் தூக்கிலிட்டிருக்கிறார்கள். இவ்வளவும் தெரிந்த பிறகு மறுபடி கேட்டால் அதே பாட்டு இல்லை. ஊர்க்காரர்களுக்கு முதல் தடவையிலேயே கிடைப்பது எனக்கு இரண்டு மணி நேரம் கழித்துக் கிடைத்தது. தேடிப் பெற்றதால் எனக்கு அது இன்னும் நெருக்கம்.

செப்டம்பர் 6, வெள்ளி

எழுந்ததும் செய்தி. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குக் கொடுக்கும் மெர்க்குரி பரிசு இங்கிலிஷ் டீச்சருக்கு! 25,000 பவுண்டு. லண்டனுக்கு வெளியே இருந்து ஒருவர் வெல்வது 2014க்குப் பிறகு இதுதான் முதல் தடவை. கேட்டு ஐந்து நாள்தான் ஆகிறது, வீட்டுப் பிள்ளை பாஸானது போல அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "சரி, காபி ஆறுது பாரு" என்றார்.

செப்டம்பர் 14, சனி

பிரிட்டனில் போன வருடம் மட்டும் 125 சின்ன இசை அரங்குகள் நேரடி இசையை நிறுத்திவிட்டன. பாத் நகரின் மோல்ஸ் அரங்கு, ஒயேசிஸ், ரேடியோஹெட் போன்ற பெரிய குழுக்கள் மேடை ஏறிய இடம், 45 வருடத்துக்குப் பிறகு டிசம்பரில் மூடப்பட்டது. வின்ட்மில் போல ஒரு இடம் போனால், நான் பத்து வருடம் கழித்துத் தேடப்போகிற குழு உருவாகாமலே போய்விடும். அந்த பயம் எனக்கு இருக்கிறது.

அக்டோபர் 4, வெள்ளி, இரவு 1.20

ஜார்டி கிரீப்பின் தனி ஆல்பம் வந்துவிட்டது. சாவோ பாலோ போய் பிரேசில் கலைஞர்களோடும் பதிவு செய்திருக்கிறார். சாம்பா தாளத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் கிடார், அதன் மேல் விடாமல் பேசிக்கொண்டே பாடும் அந்தக் குரல்.

நம் ஊரில் 12 மணி அடித்ததும் செயலியில் வந்து நின்றது. லண்டனில் அப்போது வியாழன் மாலை 7.30. அங்கே வெள்ளிக்கிழமை பிறக்க இன்னும் நாலரை மணி நேரம் இருந்தது. முழு ஆல்பத்தையும் கேட்டு முடித்துவிட்டேன். அங்கே இன்னும் ஒன்பது மணிகூட ஆகவில்லை.

இன்னொரு தடவை போடப்போகிறேன்.