முதல் சில வருடத் தண்ணீர்

மரத்தை வெட்டுவதா, விடுவதா என்பதில்தான் அந்த வேலையே தொடங்கியது. சேர்வராயன் மலையடியில் ஓர் ஓடையை மறித்துச் சிறிய அணை கட்டி முடித்திருந்தார்கள். மீன் வளர்ப்பைப் பார்த்துக்கொள்ளும் களப்பணியாளனாக நான் போனபோது மதகுக்கு இன்னும் கதவு வைக்கவில்லை. தண்ணீர் நிற்கப்போகும் இடத்தில் சோளம் அறுத்த தாள், வரப்புகள், ஒரு கிணறு, ஓடைக்கரையில் வேலமும் புங்கமும்.

மேட்டூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த பரிசல்காரப் பெரியவர், "ஒத்தக் கட்டை நின்னாலும் வலை போச்சுங்க சார்" என்றார். மூழ்கிய மரத்தில் பாசி படியும், பூச்சி ஒட்டும், குஞ்சுகளுக்கு ஒளிய இடம் கிடைக்கும் என்று நான் படித்திருந்தேன். கடைசியில் வலை போட இரண்டு அகலமான இடங்களில் மட்டும் மரங்களை வேரோடு அகற்றிவிட்டு, ஓடை வந்து சேரும் பக்கத்து மரங்களை விட்டுவிட்டோம். அது சரியான முடிவு என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஐப்பசியில் முதல் வெள்ளம் இறங்கியது. சேர்வராயன், அதாவது ஏற்காட்டு மலை, அலுமினியத் தாதுவான பாக்சைட் கிடைக்கிற மலை. அந்தச் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டுதான் தண்ணீர் வந்தது. என் கையில் இருந்த முக்கியமான கருவி செக்கி தகடு. கறுப்பும் வெள்ளையும் பூசிய வட்டத் தகட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று அளப்போம். அன்று அரைச் சாணிலேயே மறைந்துவிட்டது. வெளிச்சம் உள்ளே போகாவிட்டால் மிதக்கும் நுண்பாசி வளராது, அது வளராவிட்டால் மீனுக்குச் சாப்பாடு இல்லை. வண்டல் அடியில் படியும்வரை தினமும் போய்த் தகட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு நாள் காலையில் தண்ணீர் இளம்பச்சையாக நின்றது. பரிசலிலேயே வெகுநேரம் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது? மூழ்கிய தாள், புல், சருகு, வயலில் கொட்டிய சாணம் எல்லாம் மக்கி உரமாகத் தண்ணீரில் கரைகின்றன. அதில் பாசி பெருகுகிறது, புழுவும் பூச்சியும் பெருகுகின்றன, அவற்றைத் தின்று மீன் கொழுக்கிறது. புதிதாக நிரம்பும் நீர்த்தேக்கங்களில் பொதுவாக முதல் சில வருடங்கள் இப்படித்தான் இருக்கும். அந்தச் சேமிப்பு தீர்ந்ததும் விளைச்சல் இறங்கிவிடும்.

பெரியவருக்கு இதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. 1934இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டபோது மூழ்கிய நிலங்களில் அவர் பாட்டனாருடையதும் ஒன்று. அந்த அணையின் பண்ணவாடிப் பக்கத்தில் நீர்மட்டம் நன்றாக இறங்கும்போது, மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி வெளியே தெரியும். "நந்தி தெரிஞ்சா எங்கப்பாரு போயி நின்னு பாத்துட்டு வருவாருங்க" என்றார். எங்கள் அணையில் வலை இழுக்கும்போதெல்லாம், இது யார் வீட்டு வயல் என்று கேட்டுக்கொள்வார்.

நாங்கள் விட்ட கெண்டை வகைகளான கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் தேங்கிய தண்ணீரில் முட்டையிடாது. அவற்றுக்கு ஓடும் வெள்ளம் வேண்டும். கெண்டைகளுக்கு ஊசி போட்டு முட்டையிட வைக்கும் முறையை மீன்வள விஞ்ஞானி ஹிராலால் சௌத்ரி 1957 ஜூலை 10இல் செய்து காட்டினார். அதற்கு முன் இந்தக் குஞ்சுகளைப் பெரும்பாலும் ஆற்றிலிருந்துதான் அள்ளிவர வேண்டியிருந்தது. எங்களுக்கு வந்தவை பண்ணைக் குஞ்சுகள். ஆனால் எண்ணிக்கை காட்டும் அவசரத்தில், நகக்கண் அளவுக் குஞ்சுகளை அனுப்பிவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். ஓடையில் ஏற்கெனவே இருந்த விராலுக்கும் கெளுத்திக்கும் விருந்தானது. அடுத்த தடவை ஆழமில்லாத மூலையில் வலையடைப்புக் கட்டி, விரல் நீளம் வரும்வரை வளர்த்துத்தான் திறந்துவிட்டோம். குஞ்சுகள் வந்த பையை அப்படியே தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, சூடு சமமானபின் வாயைத் திறப்பது வழக்கம். அந்தக் கால் மணி நேரம் ஊர்ப் பிள்ளைகள் யாரும் மூச்சுகூட விடவில்லை.

யாரும் விடாமலே ஜிலேபி மீனும் வந்து சேர்ந்தது. 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மீன், முட்டையை வாயில் வைத்துக் காக்கும் மீன், அதை எங்கே தடுப்பது?

இரண்டாம் வருடம் கட்லா ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்கு மேல் நின்றது. கரையிலேயே விற்றுத் தீர்ந்தது. என் மனதை இன்றும் அறுப்பது அந்த இரண்டாம் வருடம்தான். மீன் தின்று கொழுத்தது நிலம் கொடுத்த குடும்பங்களின் வயலை. முதல் பங்கு அவர்களுடையதாக இருந்திருக்க வேண்டும். ஆனால் மீன் பிடிக்கும் சங்கத்தில் அவர்களைச் சேர்க்கும் காகிதம் மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருந்தது. மீன் யாருக்காகவும் காத்திருக்கவில்லை, குத்தகைக்கு எடுத்தவர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். இந்தச் செழிப்பு மூன்று நான்கு வருடந்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியும். வாயால் சொன்னேன். எழுத்தில் கொடுத்து, தேதி குறித்துக் கேட்டிருக்க வேண்டும், நான் கேட்கவில்லை.

உறுப்பினர் அட்டை வந்தது ஐந்தாம் வருடம். அதற்குள் தகடு மூன்று சாண் ஆழத்திலும் தெரிந்தது. தண்ணீர் தெளிந்துவிட்டது, அதாவது பசித்துவிட்டது. முதல் பங்கு நாளன்று, கிணறும் சோளக்காடும் உள்ளே போன ஓர் அம்மா அலுமினியக் குண்டாவோடு வந்தார். அவர் பங்குக்கு ஒரு சிறிய கட்லா, நாலைந்து ஜிலேபி.

"அங்கதான் தம்பி, அந்த ரெண்டாவது மரத்துக்கு இந்தாண்ட" என்று தண்ணீருக்குள் கை காட்டினார். பெரியவர் தன் பங்கில் இருந்த கட்லாவை எடுத்து அந்தக் குண்டாவில் போட்டுவிட்டு, பரிசலைக் கவிழ்த்து வைக்கப் போனார்.