இரண்டு முறை எரிந்த நூலகத்தில் ஓர் இருக்கை

லூவன் நகரத்தில் வெள்ளிக்கிழமை பிற்பகல் ஆனதும் ஒரு சத்தம் தொடங்கும். கல் பாவிய தெருக்களில் சக்கரப் பெட்டிகள் உருளும் சத்தம். முதல் வாரம் அதைக் கேட்டபோது ஜன்னலைத் திறந்து பார்த்தேன். தெரு முழுக்க மாணவர்கள், ஆளுக்கொரு பெட்டி, எல்லோரும் ரயில் நிலையத்தை நோக்கி. பெல்ஜியம் சிறிய நாடு. எந்த மூலையிலிருந்து வந்து படிப்பவரும் மாலை ரயிலைப் பிடித்தால் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். அழுக்குத் துணியோடு போகும் பெட்டிகள் ஞாயிறு மாலை துவைத்த துணியோடு திரும்பி வரும். இடைப்பட்ட இரண்டு நாள் ஊர், போக இடமில்லாத எங்களைப் போன்றவர்களுடையது.

நான் அங்கே போனது நீர்வளப் பொறியியலில் முதுநிலைப் படிப்புக்காக. செப்டம்பர் கடைசியில் வகுப்புகள் தொடங்கின. மாணவர் அறையை அங்கே 'கொட்' என்கிறார்கள். டச்சு மொழியில் அந்தச் சொல்லுக்குக் குடிசை, தொழுவம் என்றெல்லாம் பொருள் உண்டு என்று அறிந்ததும் நம் 'கொட்டில்' நினைவுக்கு வந்தது. இரண்டுக்கும் உறவு ஒன்றும் இருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்நிய ஊரில் காதுக்குப் பழகிய ஓர் ஒலி கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் எட்டு அறைகள், ஒரே சமையலறை.

வெளிநாட்டு மாணவர்கள் நகராட்சியில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு அந்தப் பகுதிக் காவலர் ஒருவர் வீட்டுக்கே வந்து, நாம் உண்மையிலேயே அங்கு வசிக்கிறோமா என்று பார்ப்பார். ஒரு காலை மணி அடித்தது. மழைத்துளி படிந்த சீருடையில் அவர் நின்றார். அஞ்சல் பெட்டியில் என் பெயர் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார், அறைக்குள் எட்டிப் பார்த்தார், மேசைமேல் விரிந்து கிடந்த கணக்குத் தாள்களைப் பார்த்துச் சிரித்தார். ஐந்து நிமிடம்தான். அவர் போன பிறகு வெகுநேரம் மனம் நிறைந்திருந்தது. இந்த ஊரில் நான் இருக்கிறேன் என்று ஒருவர் நேரில் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போயிருக்கிறார்!

வார இறுதிகளின் வெறுமைக்கு மருந்தாகத்தான் லடூஸப்ளைன் சதுக்கத்திலுள்ள பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன். உயர்ந்த மணிக்கூண்டு, உள்ளே ஓக் மரத்தால் ஆன பெரிய படிப்பறை. கட்டடத்தின் வெளிச்சுவரில் ஒரு விசித்திரம் உண்டு. பல கற்களில் அமெரிக்கப் பள்ளிகள், கல்லூரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு சனிக்கிழமை மழைக்கு ஒதுங்கி நின்று அவற்றை ஒவ்வொன்றாகப் படித்தேன். பெல்ஜிய நூலகத்துக்கு அமெரிக்கப் பெயர்கள் எதற்கு?

பதில் எங்கள் சமையலறையில் கிடைத்தது. பக்கத்து அறையில் வரலாறு படிக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே சொன்னாள். 1425-இல் தொடங்கிய பல்கலைக்கழகம் இது. 1914 ஆகஸ்ட் 25 இரவு ஜெர்மானியப் படையினர் ஊருக்குத் தீ வைத்தபோது நாம்ஸெஸ்ட்ராட் தெருவில் இருந்த பழைய நூலகம் லட்சக்கணக்கான நூல்களோடும் கையெழுத்துப் படிகளோடும் எரிந்துபோனது. அழிந்ததற்கு ஈடாக ஜெர்மனி நூல்கள் தர வேண்டும் என்று முதல் உலகப் போருக்குப் பிந்தைய வெர்சாய் சமாதான ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவு உண்டு, 247-ஆம் பிரிவு. அமெரிக்கர்கள் நிதி திரட்டினார்கள், பள்ளிப் பிள்ளைகள்கூடக் கொடுத்தார்கள். ஜப்பானிலிருந்தும் நூல்கள் வந்தன. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் விட்னி வாரன் வடிவமைத்த புதிய கட்டடம் 1928-இல் திறக்கப்பட்டது. அதன் முகப்பில் 'ஜெர்மானிய வெறியால் அழிந்தது, அமெரிக்கக் கொடையால் மீண்டது' என்று லத்தீனில் பொறிக்க வாரன் விரும்பினார். பல்கலைக்கழகத் தலைவர் லடூஸ் மறுத்துவிட்டார். வாசகம் இடம்பெறவில்லை. அந்த லடூஸ் பெயரில்தான் இன்றைக்கு அந்தச் சதுக்கம் இருக்கிறது. அவர் செய்தது சரி என்றே நினைக்கிறேன். நூலகத்துக்குள் நுழையும் பிள்ளை முதலில் படிப்பது ஒரு வசையாக இருக்கக் கூடாது.

"1940 மே மாதம் மறுபடியும் எரிந்தது," என்றாள் அவள். இரண்டாம் உலகப் போர் பெல்ஜியத்துக்குள் நுழைந்த மாதம் அது. இந்த முறை போனவை ஏறக்குறைய 9 லட்சம் நூல்கள்.

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "1981" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. யாழ்ப்பாணம் என்ற பெயரை இரண்டு முறை சொல்லிக் கொடுத்தேன். "எத்தனை நூல்கள்?" என்று கேட்டாள். ஏறத்தாழ 97,000 என்றேன். ஓலைச்சுவடி என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது. "திரும்பக் கட்டினீர்களா?" "கட்டினார்கள்." கத்தியை வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்தது, இருவருமே எழுந்திருக்கவில்லை.

டிசம்பரில் நாலரை மணிக்கெல்லாம் இருட்டிவிடும். சைக்கிளில் விளக்கில்லாமல் போனால் அபராதம். ஜனவரித் தேர்வுக்கு முந்தைய வாரங்களுக்கு 'ப்ளொக்' என்று பெயர். அந்த நாட்களில் படிப்பறையில் இருக்கையை முன்பதிவு செய்தால்தான் இடம். நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே கூரையின்கீழ் பேசாமல் படிக்கும்போது, பக்கம் புரளும் ஓசைகூட நம்மை மேலே படிக்கச் சொல்லும். அவ்வப்போது கோபுரத்து மணிகள் பாடும். மொத்தம் 63 மணிகள். முதல் உலகப் போரில் உயிரிழந்த அமெரிக்கப் பொறியாளர்களின் நினைவாக 1928-இல் 48 மணிகள் வந்தன, மற்றவை 1983-இல் சேர்ந்தன. பொறியியல் மாணவருக்கு இதைவிட நெருக்கமான இசை எது?

தேர்வுகளில் பல வாய்மொழித் தேர்வுகள். கேள்வித்தாளைப் பெற்று, தனியே உட்கார்ந்து விடையைக் குறித்துக்கொண்டு, பேராசிரியர் முன் போய்ப் பேச வேண்டும். மதிப்பெண் இருபதுக்கு, பத்து எடுத்தால் தேர்ச்சி. என்னிடம் கேட்கப்பட்டது லூவன் வழியே ஓடும் டெய்ல ஆற்றைப் பற்றி. ஆறு ஊருக்குள் வருவதற்கு முன்னால் டோட பெம்ட என்ற ஈரநிலப் புல்வெளி இருக்கிறது. வெள்ளம் வரும்போது ஆற்றை அங்கே தாராளமாக வழியவிட்டால் ஊருக்குள் வரும் நீரின் வேகம் குறையும். சூத்திரத்தை எழுதிய பிறகு, "அங்கே சைக்கிளில் போய்ப் பார்த்தேன், வேலிக்கம்பத்தில் பழைய வெள்ளத்தின் சேற்றுக் கோடு இருந்தது" என்றும் சொன்னேன். பேராசிரியர் பேனாவை மூடிவிட்டு அந்தக் கோடு எவ்வளவு உயரம் என்று கேட்டார். பதினான்கு கிடைத்தது.

மார்ச்சில் ஆய்வேட்டுக்குப் பழைய பிரெஞ்சு நூல்வரிசை ஒன்றின் ஒரு தொகுதி தேவைப்பட்டது. லூவனில் இல்லை. காரணம் அந்த நூலகத்தின் மூன்றாவது காயம். 1960-களில் டச்சு பேசுபவர்களுக்கும் பிரெஞ்சு பேசுபவர்களுக்கும் இடையிலான மொழிப் பூசல் முற்றி, 1968-இல் நாட்டின் அரசே கவிழ்ந்தது. பல்கலைக்கழகம் இரண்டானது. பிரெஞ்சுப் பிரிவுக்காக வெட்டவெளியில் லூவேன்-லா-நெவ் என்ற புதிய நகரமே எழுப்பப்பட்டது. புதிய லூவன் என்று பொருள். நூல்களையும் பங்கு போட்டார்கள். அலமாரி எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்துப் பிரித்ததாகச் சொல்வார்கள். தீயில் தப்பியவற்றை மனிதர்கள் உட்கார்ந்து எண்ணிப் பிரித்திருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் வலித்தது. மொழிக்காக வீதிக்கு வந்த மாணவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. நூல்களைப் பிரித்ததை மட்டும் இன்றும் ஏற்க முடியவில்லை.

லூவேன்-லா-நெவ்வில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் அக்கா ஒருவர் இருந்தார். வகுப்புத் தோழர் வழியாகக் கிடைத்த அறிமுகம். "இரண்டு நாள் தங்குவது போல வா, தனியாக உட்கார்ந்து என்ன செய்யப் போகிறாய்?" என்றார். அந்த வெள்ளிக்கிழமை நானும் ஒரு பெட்டியோடு கிளம்பினேன். ஒட்டினீ நிலையத்தில் ரயில் மாற வேண்டும். அந்த நகரம் ஒரு பெரிய கான்கிரீட் தளத்தின்மேல் நிற்கிறது, கார்கள் அடியில், மனிதர்கள் மேலே. தொகுதி கிடைத்தது. முதல் பக்கத்தில் பிரிவதற்கு முன்பிருந்த பழைய பல்கலைக்கழகத்தின் லத்தீன் முத்திரை, மங்கிய ஊதா நிறத்தில். அக்கா அதைக் கைப்பேசியில் படம் எடுத்தார். தேவையான பக்கங்களை நகலெடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாளும் அவர் என்னைச் சமைக்க விடவில்லை. ஞாயிறு மாலை புறப்படும்போது, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் மூன்று டப்பாக்களைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

லூவன் நிலையத்தில் இறங்கியபோது நடைமேடை முழுக்கப் பெட்டிகள். சுரங்கப்பாதைப் படிகளில் ஒரு பையன் என் பெட்டியின் மறு முனையைப் பிடித்துத் தூக்கி உதவினான், என் பெட்டியிலும் அவன் பெட்டியிலும் சாப்பாட்டு மணம். வெளியே வந்ததும் கல் பாவிய தெரு. நூற்றுக்கணக்கான சக்கரங்களோடு என் பெட்டியும் கடகடவென்று உருளத் தொடங்கியது.