அல்ப்ரசோலத்தை மாற்றிய 20 மாதங்கள்

நான் கம்பத்தில் குடியிருந்து குமுளியில் வேலை பார்ப்பவன். ஏலக்காய் வியாபாரி ஒருவரிடம் கணக்கு எழுதுகிறேன். 2014ஆம் ஆண்டில் ஒரு நாள் காலை, லோயர் கேம்ப்பைத் தாண்டி, பெரியாறு மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் ராட்சதக் குழாய்கள் கண்ணில் படும் வளைவில், நின்றுகொண்டு பயணம் செய்த பேருந்துக்குள் எனக்கு நெஞ்சு அடைத்து, இரண்டு கைகளும் மரத்துப்போய், உயிர் போகப்போகிறது என்றே தோன்றிவிட்டது. இதயத்தில் கோளாறு எதுவும் இல்லை என்று ஈசிஜி சொன்னது. பதற்றம்தான் என்று கூறி, அல்ப்ரசோலம் 0.25 மில்லிகிராம் மாத்திரையை இரண்டு வாரங்களுக்கு எழுதிக்கொடுத்தார்கள். அந்த இரண்டு வாரம் ஒன்பது ஆண்டுகளாக நீண்டது. 2022ஆம் ஆண்டின் முடிவில் நான் காலையில் 0.25, மதியம் 0.25, இரவில் 0.5 என்று நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவு காலம் எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2014 மார்ச்சிலிருந்து இந்த மாத்திரை, கட்டுப்பாட்டோடு விற்க வேண்டிய மருந்துகளின் எச்1 அட்டவணையில் இருக்கிறது. மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. எழுதிய மருத்துவர், வாங்கியவர், மருந்தின் அளவு ஆகியவற்றைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து, அந்தப் பதிவேட்டை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நான் வழக்கமாக வாங்கிய கடையில் என் முகமே சீட்டாக இருந்தது. ஒருமுறை குமுளியில் வேறொரு கடையில் கசங்கிப்போன பழைய சீட்டை நீட்டியபோது, அங்கிருந்த இளைஞர் தேதியைப் பார்த்துவிட்டு, "சேட்டா, இதுக்கு மருந்து தரான் பற்றில்லா" (இதற்கு மருந்து தர முடியாது) என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அன்று எனக்கு வந்தது கோபம்தான். ஒன்பது ஆண்டுகளில் எனக்கு நல்லது செய்த ஒரே கடைக்காரர் அவர்தான் என்று புரிய வெகுநாள் ஆயிற்று.

முதல் முயற்சி தோற்றது. 2022 நவம்பரில் நான் பார்த்த ஒரு மருத்துவர், அல்ப்ரசோலத்தை அன்றோடு நிறுத்திவிட்டு, மறுநாளிலிருந்து பதற்றத்துக்கான வேறு வகை மருந்தான எஸ்சிடாலோபிராம் 10 மில்லிகிராம் போடச் சொன்னார். முதல் நாள் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் இரவு தூக்கம் இல்லை. மூன்றாம் நாள் பேனாவைப் பிடித்தால் கை ஆடியது. கடையில் சாக்கு இழுக்கும் சத்தம் காதுக்குள் அறுப்பதுபோல் கேட்டது. முழங்காலுக்குக் கீழே எறும்பு ஊர்வதாக நினைத்து வேட்டியை உதறிக்கொண்டே இருந்தேன். நான்காம் நாள் யாரையும் கேட்காமல் பழைய மாத்திரையைப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அடங்கிய வேகம்தான் என்னை உண்மையில் பயமுறுத்தியது. நீண்டகாலம் எடுத்த இந்த வகை மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம் என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

2023 ஜனவரியில் தேனியில் ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். அவர் மருந்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், எந்த நேரத்தில் பயம் வருகிறது என்று கேட்டார். அதிகாலை நான்கு மணிக்குத் திடுக்கிட்டு விழிப்பேன், பிறகு பகல் பதினோரு மணி, மாலை ஐந்து மணி என்றேன். மாத்திரை போடும் நேரங்களை ஒரு தாளில் எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் எனக்கே தெரிந்துவிட்டது: ஒவ்வொரு பயமும் ஒரு மாத்திரையின் வால்பகுதியில் நின்றது. அல்ப்ரசோலம் உடலில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 11 மணி நேரம் ஆகும். ஆனால் ஆண்டுக்கணக்கில் அதற்குப் பழகிய மூளை, அளவு இறங்கத் தொடங்கும்போதே அடுத்ததைக் கேட்டு அலறுகிறது என்று அவர் விளக்கினார். இத்தனை ஆண்டுகளாக என் வியாதி என்று நான் நினைத்திருந்ததில் ஒரு பெரும்பங்கு மாத்திரை இறங்கும் நேரமாக இருந்திருக்கிறது. கணக்குப்பிள்ளையாக இருந்துகொண்டு இந்தப் பற்றுவரவைப் பார்க்காமல் விட்டேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

நவம்பரில் நடந்த தவறையும் அவர் அப்போதுதான் விளக்கினார். எஸ்சிடாலோபிராம் செரோடோனின் என்னும் மூளை வேதிப்பொருள் வழியாக வேலை செய்கிறது. பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். அல்ப்ரசோலமோ மூளையை அமைதிப்படுத்தும் காபா என்னும் தடுப்பு அமைப்பைப் பிடித்து உடனே வேலை செய்கிறது. ஒன்று நின்றதால் உண்டான குறையை மற்றொன்றால் அடைக்க முடியாது. ஆகவே குற்றம் புதிய மாத்திரையில் இல்லை, வரிசையில் இருந்தது. முதலில் அதே குடும்பத்தைச் சேர்ந்த, ஆனால் மெதுவாக இறங்கும் டயசிபாமுக்கு மாறுவது. பிறகு எஸ்சிடாலோபிராமைச் சேர்ப்பது. அதன் பிறகே டயசிபாமைக் குறைப்பது என்று அவர் திட்டம் போட்டார். டயசிபாம் பாதியாகக் குறையவே 20 முதல் 50 மணி நேரம் ஆகும். அதிலிருந்து உடலில் உண்டாகும் துணைப்பொருள் அதைவிட நீண்ட நேரம் தங்கும். ஏறி இறங்கும் மலைப்பாதையிலிருந்து கம்பத்தை அடுத்த கூடலூர்ச் சமவெளிக்கு வருவதுபோல என்று நான் சொன்னதற்கு, சமவெளியிலும் தூங்கிவிட்டால் வண்டி கவிழும் என்றார்.

அல்ப்ரசோலம் 0.5 மில்லிகிராம் என்பது டயசிபாம் 10 மில்லிகிராமுக்கு ஏறக்குறையச் சமம் என்று ஓர் அட்டவணை உண்டு. அதன்படி எனக்கு 20 வர வேண்டும். அவர் அந்த அளவை ஒரே நாளில் எழுதவில்லை. அந்த எண்கள் மதிப்பீடு மட்டுமே, ஆளுக்கு ஆள் மாறும் என்றார். முதல் வாரம் இரவு மாத்திரையில் பாதியை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் டயசிபாம் 5 வைத்தோம். அடுத்த வாரம் மீதிப் பாதி. அதன்பிறகு மதியம், எல்லாவற்றுக்கும் கடைசியாகக் காலை. ஆறு வாரங்கள் பிடித்தன. இந்த அளவுகள் என் வயதுக்கும் என் உடம்புக்கும் பக்கத்திலிருந்து பார்த்தவர் எழுதியவை. இன்னொருவர் இதைப் பார்த்துச் சொந்தமாகச் செய்துவிடக் கூடாது.

நான்கு மணி விழிப்பு மூன்றாம் வாரத்திலேயே போய்விட்டது. ஆனால் டயசிபாம் மெதுவாக இறங்குவதுபோலவே மெதுவாகச் சேரவும் செய்யும். மாற்றிய மறுநாள் நன்றாக இருக்கும். ஐந்தாறு நாள் கழித்துத்தான் தலை கனக்கும். ஐந்தாம் வாரத்தில் ஒரு நாள், புற்றடியில் நடக்கும் ஏலக்காய் ஏலத்திலிருந்து வந்த சீட்டில் 1,860 என்றிருந்த விலையை 1,680 என்று பேரேட்டில் ஏற்றிவிட்டேன். முதலாளி ஒன்றும் சொல்லாமல் என் மேசையில் கடுங்காப்பியை வைத்துவிட்டுப் போனார். மருத்துவரிடம் சொன்னபோது, அட்டவணையின் 20 வேண்டாம், 15 போதும் என்று அங்கேயே நிறுத்தினார். மாத்திரை மாறி நிலைபெறும்வரையான அந்த இரண்டு மாதங்களும் மோட்டார் சைக்கிளைத் தொடக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த பாதையில் அதை மீற எனக்கும் துணிச்சல் இல்லை. எந்தப் பேருந்துக்குப் பயந்தேனோ அதிலேயே தினமும் போய்வந்தேன்.

தலைக்கனத்துக்கு இன்னொரு காரணமும் இருந்தது. வயிற்றெரிச்சலுக்கு நானாகவே ஒமிப்பிரசோல் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். அதை ஒரு மருந்தாகவே எண்ணாததால் யாரிடமும் சொன்னதில்லை. டயசிபாமையும் எஸ்சிடாலோபிராமையும் கல்லீரல் கரைக்கும் ஒரு வழியை அது அடைக்கிறது. அதனால் இரண்டும் இரத்தத்தில் கூடுதலாகத் தங்கும். மருத்துவர் அதை பான்டோபிரசோலாக மாற்றினார். அதன்பின் வீட்டில் இருந்த மாத்திரை டப்பா முழுவதையும் ஒரு பையில் கொட்டி எடுத்துப்போய் அவர் மேசையில் வைத்தேன்.

டயசிபாம் நிலைபெற்ற பிறகு, நவம்பரில் என்னைத் துரத்திய அதே எஸ்சிடாலோபிராம் 5 மில்லிகிராமில் தொடங்கி, இரண்டு வாரத்தில் 10 ஆனது. முதல் பத்து நாள் குமட்டலும் கொஞ்சம் படபடப்பும் இருந்தன. இப்படி இருக்கும் என்று முன்பே சொல்லப்பட்டிருந்ததால் தாங்க முடிந்தது.

ஏப்ரல் நடுவில் குறைக்கத் தொடங்கினோம். 15இலிருந்து 10 வரை இரண்டு வாரத்துக்கு 1 மில்லிகிராம். 10இலிருந்து 5 வரை இரண்டு வாரத்துக்கு 0.5, அதற்குக் கீழே மூன்று வாரத்துக்கு 0.5. அரை மில்லிகிராம் என்றால் 2 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு. முதலில் சவர பிளேடால் வெட்டினேன். ஒரு துண்டு தெறித்துக் கட்டிலுக்கடியில் போகும், மற்றொன்று மாவாகும். பிறகு மெடிக்கலில் மாத்திரை வெட்டும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று வாங்கினேன். 7 எம்எம், 8 எம்எம் என்று காயைப் பிரித்துத் தரம் பார்க்கும் ஊரில் வேலை செய்பவனுக்குக் கண்ணளவு தப்பாது என்று நினைத்திருந்தேன். விளக்கடியில் வைத்துப் பார்த்தால் நான்கு கால் துண்டுகளும் ஒருபோதும் ஒரே அளவில் இருந்ததில்லை. பெரிய துண்டையும் சிறிய துண்டையும் மாற்றி மாற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்று மருத்துவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பழைய பேரேடு ஒன்றின் கடைசிப் பக்கங்களில் தேதி, அளவு, தூங்கிய மணி ஆகிய மூன்று பத்திகளை மட்டும் எழுதினேன். பயத்துக்கென்று ஒரு பத்தி போட்டு, ஒரு வாரத்தில் அடித்துவிட்டேன். அதை நிரப்புவதற்காகவே பயத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நவம்பரில் 5 மில்லிகிராமுக்கு வந்தபோது சபரிமலை சீசன் தொடங்கிவிட்டது. குமுளியில் கால் வைக்க இடமில்லை. மலைப்பாதையில் பேருந்து வரிசையாக நின்றுவிடும். ஒரு மாலை, நகராத பேருந்தில் அந்தக் குழாய்களுக்குப் பக்கத்திலேயே பழைய நெஞ்சடைப்பு வந்தது. இறங்கவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சை நீட்டி விட்டேன், கால் மணி நேரத்தில் தணிந்தது. மறுநாள் மருத்துவரிடம், அளவைக் கூட்ட வேண்டுமா என்று கேட்டேன். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம், மகரவிளக்கு முடியும்வரை 5இலேயே நில்லுங்கள் என்றார். வீட்டில் மனைவிக்கு அது பின்னடைவாகப் பட்டது. எனக்கு, குறைப்பு அட்டவணையை யாரும் சட்டமாக நினைக்கவில்லை என்பதில்தான் நிம்மதி.

2024 ஆகஸ்ட் நடுவில் கடைசிக் கால் மாத்திரையும் நின்றது. உடலிலிருந்து மெதுவாகவே போகும் என்பதால் கடைசிக் குறைப்பின் விளைவு அடுத்த வாரங்களில்தான் தெரியும் என்று எச்சரித்திருந்தார். செப்டம்பரில் பல இரவுகள் மூன்று மணி நேரமே தூங்கினேன் என்று பேரேடு காட்டுகிறது. அக்டோபரில் ஐந்தும் ஆறும் ஆகியிருக்கிறது. மீந்த 11 டயசிபாம் மாத்திரைகளை வீட்டில் வைக்காமல் அட்டையோடு மருத்துவரிடமே கொடுத்துவிட்டேன். எஸ்சிடாலோபிராம் 10 மில்லிகிராம் தொடர்கிறது. அதையும் நிறுத்துவதானால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். நான் இன்னும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.