லைப்ரரியும் காமன் கூத்தும்

பகல்ல இலங்கை மலையகத்து ஹட்டன்ல லைப்ரரி வேலை, ராத்திரி பாட்டு எழுதுறது, மாசி வந்தா காமன் கூத்துல (சிவன் எரிச்ச மன்மதன், அவன் பொண்டாட்டி ரதி கதைய ஆடுற தோட்டத்து கூத்து) வேஷம் கட்டுறது, இதுல ஏதாச்சும் ஒன்ன விடுன்னு சொல்றாங்க, என்னால முடியாதுங்க. 792 நாடகம், 398 நாட்டார் வழக்காறுன்னு புத்தகங்கள விஷயவாரியா பிரிக்கிற டூயி நம்பர் போட்டு அடுக்கும்போதுதான் எனக்கு பாட்டு வரியே வருது. மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை அன்னைக்கு தோட்டத்து பாட்டுகள சேர்த்து வைக்கலன்னா நம்ம அப்பாயிங்க கொழுந்து எடுக்கையில பாடுனது எத்தனையோ போயிருக்கும், அதுவும் லைப்ரரி வேலைதான!

நேரந்தான் கஷ்டம். கூத்து விடிய விடிய போகும், தப்பு மேளச் சத்தம் காதுலயே நிக்கும், காலைல கவுண்டர்ல இருக்கணும். மாசிக்கு லீவு இப்பவே சேத்து வைக்கிறேன், இந்த தடவ ரதி வேஷம் எனக்கு. பழைய ரதி புலம்பல் தெரிஞ்ச பெரியவங்க உங்க தோட்டத்து லயத்துல (லைன் வீடுகள்ல) இருந்தா பாடச்சொல்லி வாய்ஸ் அனுப்புங்க, எழுதி லைப்ரரிலயும் வைக்கிறேன்.