அடைமழையிலும் 50 தாண்டவில்லை: ஹெரால்டுக்கு ஒரு பாலித்தீன் கூடாரம்

என் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரை மூடிய பாலித்தீன் கூடாரத்துக்குள் ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் ஹைக்ரோமீட்டர் (காற்றின் ஈரப்பத சதவீதம் காட்டும் மீட்டர்) 50ஐத் தாண்டவில்லை. வெளியே திருவான்மியூர் கடற்காற்றில் 90க்கு மேல். அந்தக் குஷியில்தான் எழுதுகிறேன். மீட்டரை நம்பலாமா என்றால், உப்புச் சோதனை செய்தாயிற்று. ஒரு மூடியில் ஈர உப்பு வைத்து மீட்டரோடு ஜிப் கவரில் போட்டு மூடினால் 75 காட்ட வேண்டும். என்னுடையது 71. அதனால் எப்போதும் நாலு கூட்டித்தான் படிக்கிறேன்.

போன மழைக்கு, காற்றிலிருந்து நாளுக்கு 20 லிட்டர் ஈரம் உறிஞ்சும் டிஹியூமிடிஃபையர் மிஷின் ஷெட்டில் இரவு பகலாக ஓடியும் 70க்குக் கீழே இறங்கவில்லை. விற்ற கடையில் “பெரிய மிஷினா எடுத்துக்குங்க சார்” என்றார்கள். அவர்களுக்கென்ன! கணக்குப் போட்டால் விஷயம் வேறு. 30 டிகிரி, 80 சதவீத ஈரப்பதத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 24 கிராம் நீர் இருக்கிறது. அதை 50 சதவீதத்துக்கு இறக்க 9 கிராம் பிடுங்க வேண்டும். ஷெட் 50 கன மீட்டர். ரோலிங் ஷட்டர் இடுக்குகள் வழியாக மணிக்கு ஒருமுறை காற்று மாறினாலே நாளுக்கு 11 லிட்டர். புயல் காற்றென்றால் கேட்கவே வேண்டாம். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் 20 லிட்டரும் ஈரக் காற்றில் எடுக்கும் கணக்கு; காற்று காயக் காய அதுவும் குறையும்.

ஆக, ஷெட்டை விட்டுவிட்டு வண்டியைச் சுற்றி மட்டும் 4.5 க்கு 2.2 க்கு 1.8 மீட்டரில் சதுர ஜி.ஐ. பைப் சட்டம் அடித்தேன். 18 கன மீட்டர்தான், அதற்குள் அதே டிஹியூமிடிஃபையர். மேலே போர்த்தியது பசுமைக்குடிலுக்குப் போடும் 200 மைக்ரான் ஷீட். சிமென்ட் தரையிலிருந்தும் ஈரம் ஏறும் என்பதால் வண்டிக்கு அடியிலும் அதே ஷீட்.

உயிரை வாங்கியது தரை ஷீட்டும் சுவர் ஷீட்டும் சேரும் இடம். பிரவுன் டேப் ஒரு வாரத்தில் உரிந்து தொங்கியது. துணி டேப் கொஞ்ச நாள் கூடத் தாங்கியது, அவ்வளவுதான். கடைசியில் கை கொடுத்தது ஓசூர் ரோஜாத் தோட்டக்காரர்கள் பசுமைக்குடிலுக்குப் போடும் அலுமினிய சேனலும் (நீளப் பள்ளம் உள்ள பட்டை), அதற்குள் அமுக்கும் ஜிக்ஜாக் ஸ்பிரிங் கம்பியும். சேனலைக் கீழ்ப் பைப்பில் செல்ஃப் ஸ்க்ரூ போட்டு முடுக்கி, இரண்டு ஷீட்டின் விளிம்பையும் ஒன்றாக உள்ளே விட்டு, மேலே ஸ்பிரிங்கை ஒரு வளைவு இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று ஆட்டி ஆட்டி அமுக்க வேண்டும். நேராகக் குத்தினால் ஷீட் கிழியும். கம்பி முனையைக் குறடால் மேல்நோக்கி வளைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அது ஊசி மாதிரி ஷீட்டைக் குத்திக் கிழித்துவிடும். மூலைகளில் ஷீட் மடிந்து கனத்து ஸ்பிரிங் தெறிக்கிறது. அங்கே மட்டும் சேனலை ஒரு சாண் முன்னாலேயே நிறுத்தி, மடிப்புக்குள் பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் பட்டை) வைத்துக் கிளிப் போட்டேன். அப்புறம் உள்ளே டேபிள் ஃபேனை ஓடவிட்டு, வெளியே தையல் ஓரமாக ஊதுபத்தி காட்டினேன். புகை நெளியும் இடமெல்லாம் ஓட்டை.

சேனல் வாங்குபவர்களுக்கு: சில்லறையாகக் கேட்டால் யாரும் மதிப்பதில்லை, முழு நீளமாகத்தான் தருவார்கள். லாரி பார்சலில் என்னுடையது பாதி வளைந்து வந்தது. மீந்ததைக் கொண்டு மொட்டைமாடியில் வடகத்துக்குக் கூண்டு கட்டச் சொல்லி வீட்டில் ஆர்டர்.

50 வந்துவிட்டது, துரு பிடிக்காது என்று கடலோரத்தில் இருக்க முடியாது. கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் உண்டு, அது 33 சதவீதத்திலேயே ஈரத்தை இழுக்கும். மூடுவதற்கு முன் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். எங்கள் தெரு போர் தண்ணீரில் கழுவினால் உப்பை நாமே பூசின மாதிரி. மெட்ரோ தண்ணீர்தான் பிடித்தேன். அதற்காக 40க்குக் கீழே இறக்கவும் மனமில்லை, கதவு ரப்பரும் சீட்டும் பாவம். ஈரம் உறிஞ்ச வைக்கும் கால்சியம் குளோரைடு டப்பாவை வண்டிக்குள் வைக்கவே வைக்காதீர்கள். கவிழ்ந்தால் தரைத் தகடு காலி. பெட்ரோல் டேங்கை நிரப்பி வைக்கும் பழைய வழக்கமும், ஈரத்தை இழுக்கும் எத்தனாலை 20 சதவீதம் பெட்ரோலில் கலக்க ஆரம்பித்த பிறகு சரிப்படாது, வடித்துவிட்டேன்.

இன்னும் பாக்கி சேஸிஸ் அவுட்ரிக்கர்கள், அதாவது சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீண்டு பாடியைத் தாங்கும் இரும்புக் கைகள். பெருங்களத்தூர் ஸ்டாண்டர்ட் ஃபேக்டரியில் பிறந்த இந்த வண்டிக்கு ஆயுசு அந்த அவுட்ரிக்கர்களில்தான் முடியும். வெளியே ரெட் ஆக்சைடு பளிச்சென்று இருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் உள்ளே உதிரும் சத்தம் கேட்கும். மெக்கானிக் அண்ணன் “பழைய இன்ஜின் ஆயில் அடிச்சு விடுங்க தம்பி, போதும்” என்கிறார். அதில் அமிலம் இருக்கிறது, புஷ் ரப்பரும் ஊதிப்போகும். எனக்கு லானோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) கலந்த மெழுகுதான், சுற்றிலும் தெளிக்கும் நாசில் வைத்த நீள ஹோஸோடு. அடித்த மறுநாள் வடிகால் ஓட்டைகளில் சைக்கிள் ஸ்போக் விட்டுக் குடைய வேண்டும், அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே தங்கும். மெழுகு இளகி மடிப்புக்குள் இறங்க நல்ல வெயில் வேண்டும், அதனால் அந்த வேலை மாசிக்கு.